டெக்னோ மிக்ஸிங்கில் வேகம், கீ, எனர்ஜி: எதை எவ்வளவு நம்புவது?

டெக்னோ என்பது இயந்திரத் தாளத்தில் ஓடும் எலக்ட்ரானிக் நடன இசை. டிஜே மென்பொருளில் ஒரு டெக்னோ ட்ராக்கைப் போட்டால் சில நொடிகளில் அதன் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துவிடும். 132.00 என்பது வேகம். 8ஏ என்பது கீ, அதாவது ட்ராக்கின் சுருதியும் ஸ்வர வரிசையும். சில மென்பொருள்கள் எனர்ஜி 6 என்று மூன்றாவதாக ஒன்றும் தரும். புதிதாகக் கற்பவர்கள் பலரும் இந்த மூன்றையும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள்: எண் பொருந்தினால் ட்ராக் பொருந்தும், பொருந்தாவிட்டால் தொடக்கூடாது.

ஒரு ட்ராக்கிலிருந்து அடுத்ததற்கு இசை நிற்காமல் கலந்து மாறும் வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர். அதில் இந்த எண்களைப் பற்றிய பேச்சும் இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. கீ பார்க்காமல் மிக்ஸ் செய்பவர் டிஜேயே அல்ல என்கிறது ஒரு கட்சி. டெக்னோவில் ஏது கீ, எல்லாம் கிக் என்ற டிரம் அடிதானே என்கிறது இன்னொன்று. எனர்ஜி என்றால் வேகம் என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

என் பார்வையில் குழப்பத்தின் வேர் ஒன்றுதான். இந்த மூன்று எண்களும் மூன்று வேறு வகை. வேகம் அளந்து சொன்னது. கீ கணித்துச் சொன்னது, தவறாகவும் இருக்கலாம். எனர்ஜி ஒரு அபிப்பிராயம், அதற்கு எண் வேடம் போட்டிருக்கிறார்கள். எதை எவ்வளவு நம்புவது என்று தெரிந்துவிட்டால் டெக்னோ மிக்ஸிங்கில் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைமாற்றும் வேலை

டிஜேயின் முன்னால் இருப்பவை இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர். டெக் என்பது பாட்டை ஓட்டும் கருவி. முன்பு ரெக்கார்ட் சுழலும் டர்ன்டேபிள், இன்று பெரும்பாலும் யுஎஸ்பி செருகும் டிஜிட்டல் பிளேயர். மிக்ஸர் இரண்டின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒரு டெக்கில் ஓடுவதைக் கூட்டம் கேட்டு ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த ட்ராக்கை டிஜே ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் தயார் செய்வார்.

கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். பல்லக்கைத் தூக்கி வருபவர்கள் வழியில் ஆள் மாற்றிக்கொள்வார்கள், ஊர்வலம் நிற்காது. புதிதாக வருபவர் முதலில் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து வருவார். அதே வேகம், அதே கால் எடுத்துவைப்பு. அப்புறம்தான் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுப்பார். பாரம் அவர் தோளுக்கு இறங்கியதும் பழையவர் விலகுவார். இதெல்லாம் நடக்கும்போது சுவாமி குலுங்கக் கூடாது.

டெக்னோ மிக்ஸிங் இதே வேலைதான். வேகம் ஒன்றாக வேண்டும், கால் ஒன்றாக விழ வேண்டும், பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொன்றுக்குச் சரியான இடத்தில் மாற வேண்டும். கீ என்பது இந்த உவமைக்குள் அடங்காத விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேகம்: அளக்க முடிந்த ஒன்று

வேகத்தை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி விழுகிறது என்பதே அது. டெக்னோவில் பெரும்பாலும் ஒவ்வொரு அடியிலும் கிக் விழும். கிக் என்பது நெஞ்சில் வந்து இடிக்கிற அந்த அடி டிரம் ஒலி. 130 பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு 130 அடி. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 461 மில்லிநொடி.

டெக்னோவை மிக்ஸ் செய்வது சாத்தியமானதற்கே இயந்திரங்கள்தான் காரணம். 1970-களின் டிஸ்கோ ரெக்கார்டுகளில் மனிதர் டிரம் வாசித்தார். பாட்டு உற்சாகமாகும் இடத்தில் வேகம் துளி ஏறும், அப்புறம் இறங்கும். அந்தப் பாட்டுகளில் இரண்டை நீண்ட நேரம் சேர்த்து ஓட்ட, டிஜே இடைவிடாமல் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றவர்கள் இந்த இசையை உருவாக்கியபோது, தாளத்தை வாசித்தவை டிரம் மெஷின்கள். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 வெளிவந்தது 1983-இல். அது களைக்காது, அவசரப்படாது. முதல் கிக்கிலிருந்து கடைசிக் கிக் வரை இடைவெளி ஒன்றே. மென்பொருள் 132.00 என்று இரண்டு தசம இடம் வரை துணிந்து சொல்வது அதனால்தான். டெக்னோவைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பலாம்.

வேகத்தை மாற்றும் நெம்புகோலுக்குப் பிட்ச் ஃபேடர் என்று பெயர். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் இது 8 சதவீதம் மேலேயும் 8 சதவீதம் கீழேயும் நகரும். 130 பிபிஎம் ட்ராக்கை 119.6 வரை இறக்கலாம், 140.4 வரை ஏற்றலாம்.

துல்லியம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ட்ராக் 130, மற்றது 130.1. பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் இரண்டாவது ட்ராக் அடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் போயிருக்கும். அதாவது 46 மில்லிநொடி. பாதி வழியிலேயே இரண்டு கிக்கும் ‘டும்’ என்று சேராமல் ‘டு-டும்’ என்று பிரிந்து கேட்கத் தொடங்கும். டெக்னோவில் ஒரு மாற்றம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடுவது சாதாரணம். அதனால் வேகத்தில் ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேகம் ஒன்றானால் மட்டும் போதாது

இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடக்கலாம். ஒருவர் கால் தரையில் படும்போது மற்றவர் கால் அந்தரத்தில் இருக்கலாம். ட்ராக்குகளும் அப்படியே. சிங்க் பொத்தானை அழுத்தினால் வேகம் ஒன்றாகிவிடும். அடிகளும் சேரும், மென்பொருள் அடி விழும் இடங்களைச் சரியாகக் குறித்திருந்தால். அந்தக் குறிப்புக் கோடுகளுக்கு பீட்கிரிட் என்று பெயர். கிரிட் துளி தள்ளி உட்கார்ந்திருந்தால் திரையில் எல்லாம் நேராகத் தெரியும், காதில் கோணலாகக் கேட்கும். அங்கே காதைத்தான் நம்ப வேண்டும்.

அதற்கு மேல் ஒரு அடுக்கு இருக்கிறது. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார் சேர்ந்து ஒரு ஃப்ரேஸ்; ஒரு முழு இசை வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்னோ ட்ராக்கில் புதிதாக ஒன்று வருவதும் போவதும் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் நடக்கும்: ஹை-ஹாட் என்ற சிம்பல் ஒலி சேருவது, பேஸ் என்ற அடி ஒலி வரி நுழைவது, கிக் நின்று திரும்புவது. 128 பிபிஎம்மில் பதினாறு பார் என்பது சரியாக 30 நொடி. ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கில் புது ஃப்ரேஸ் தொடங்கும் அடியில் அடுத்த ட்ராக்கின் முதல் அடியைப் போட்டால், இரண்டின் மாற்றங்களும் ஒரே இடத்தில் வந்து விழும். கேட்பவருக்கு அது இரண்டு ட்ராக் என்றே தோன்றாது.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் கையில் ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. எட்டு அட்சரம் என்பது இரண்டு பார். எண்ணிக்கொண்டே கேட்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வேகம் துல்லியமாக ஒன்றாக வேண்டும், கிக்கின் மேல் கிக் விழ வேண்டும், ஃப்ரேஸின் தொடக்கத்தில் ஃப்ரேஸ் தொடங்க வேண்டும். முதலாவதற்கு எண் போதும். இரண்டாவதற்குக் காது வேண்டும். மூன்றாவதற்கு எண்ணத் தெரிய வேண்டும்.

கீ என்றால் என்ன

ஒரு ட்ராக் எந்த ஸ்வரத்தை வீடாக வைத்துக்கொண்டிருக்கிறது, அந்த வீட்டைச் சுற்றி எந்த ஸ்வரங்களைப் பயன்படுத்துகிறது என்ற இரண்டும் சேர்ந்ததே கீ. ஏ மைனர் என்றால் வீடு ‘ஏ’ என்ற ஸ்வரம், வரிசை மைனர். நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜத்தையும் மேளகர்த்தா ராகத்தையும் சேர்த்துச் சொல்வதற்குச் சமம். மேற்கத்திய மேஜர் வரிசை நமக்கு தீரசங்கராபரணம். டிஜே மென்பொருள்கள் மைனர் என்று குறிக்கும் வரிசை நடபைரவி.

கீ பொருந்தாவிட்டால் ஏன் காது சுளிக்கிறது? தம்பூராவில் சுருதி சேர்க்கும்போது கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்தியும் கிட்டத்தட்ட ஒன்றாகி, இன்னும் முழுதாகச் சேராத நிலையில் ‘வாவ்… வாவ்…’ என்று ஓர் அலை எழும். அந்த அலை எத்தனை முறை எழுகிறது என்பது இரண்டு தந்தியின் அதிர்வெண் வித்தியாசம். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். 220 ஹெர்ட்ஸ் ஸ்வரமும் அதை அடுத்த 233 ஹெர்ட்ஸ் ஸ்வரமும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு 13 முறை அலை எழும். அவ்வளவு வேகமான அலையைக் காது தனித்தனியாக எண்ணாது; அதைக் கரகரப்பாக உணரும். ஒரு ட்ராக்கின் ஸ்வரமும் இன்னொன்றின் ஸ்வரமும் இப்படி நெருங்கி உட்கார்ந்து, அது பதினாறு பாருக்குத் தொடர்ந்தால் கூட்டம் காரணம் தெரியாமலே முகம் சுளிக்கும்.

பன்னிரண்டு மணிச் சக்கரம்

எந்தக் கீ எதோடு சேரும் என்பதை மனப்பாடம் செய்யாமல் பார்க்க, மார்க் டேவிஸ் என்பவர் கேமலாட் சக்கரம் என்ற ஒன்றை அமைத்தார். மிக்ஸ்ட் இன் கீ என்ற மென்பொருள் வழியாக அது பரவியது. கடிகாரம் மாதிரி 1 முதல் 12 வரை எண்கள். ஒவ்வொன்றிலும் மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி, ஈ மைனர் 9ஏ, டி மைனர் 7ஏ. இந்த ஏ, பி என்பவை சக்கரத்தின் குறிகள் மட்டுமே. ஸ்வரப் பெயர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விதி என்னவோ மூன்று வரிதான். அதே குறியீடு சேரும். ஒரு எண் முன்னே, பின்னே இருப்பது சேரும். அதே எண்ணில் ஏ-யும் பி-யும் சேரும். ஆனால் விதியை மட்டும் வைத்துக்கொண்டால் எங்கே மீறலாம் என்று தெரியாது. காரணத்தையும் பார்த்துவிடுவோம்.

8ஏ-யும் 8பி-யும் ஏன் சேருகின்றன? கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் விளங்கிவிடும். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நடபைரவி வருகிறது. ஏழு ஸ்வரங்களும் அவையேதான், வீடு மட்டும் மாறியிருக்கிறது. சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் உள்ள உறவு அப்படியே இதுதான். 8ஏ-யும் 9ஏ-யும்? ஏ மைனரில் வருபவை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. ஈ மைனரில் எஃப் மட்டும் எஃப் ஷார்ப்பாக மாறும். மற்ற ஆறும் பொது. ஆக மோத வாய்ப்புள்ள இடம் ஒன்றே ஒன்று. சக்கரத்தில் ஐந்து படி வரை, ஒவ்வொரு படி விலகும்போதும் பொதுவான ஸ்வரம் ஒன்று குறைகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் இரகசியம் அவ்வளவுதான்.

மென்பொருளின் ஊகம்

இனி வருவதைத்தான் பலர் சொல்வதில்லை. மென்பொருள் எப்படிக் கீ கண்டுபிடிக்கிறது? ட்ராக் முழுவதையும் கேட்டு, பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் எது எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்று கணக்கெடுக்கும். அப்புறம் பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் என்ற இருபத்து நான்கு அச்சுகளோடு அதை ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதைச் சொல்லும்.

ஒரு சினிமாப் பாட்டுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் டெக்னோ ட்ராக் ஒன்றில் கிக், ஹை-ஹாட், ஒரே ஸ்வரத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒரு சின்தசைசர் ஒலி, இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்வரத்தை வைத்து மேஜரா மைனரா என்று யார் சொல்ல முடியும்? மென்பொருள் பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்று சொல்லாது. ஏதோ ஒன்றைச் சொல்லியே தீரும். ஒரே ட்ராக்குக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு கீ சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருண்ட டெக்னோவில் வீட்டு ஸ்வரத்துக்கு அரை படி மேலே உள்ள ஸ்வரம் அடிக்கடி வந்து உரசும். நம் தோடியில் வரும் சுத்த ரிஷபம் அது. ஈ-யை வீடாகக் கொண்ட தோடியின் ஏழு ஸ்வரங்களும் ஏ மைனரின் ஸ்வரங்களே. மென்பொருளிடம் தோடிக்கு அச்சு கிடையாது. அதை ஏ மைனர் என்றோ சி மேஜர் என்றோ ஈ மைனர் என்றோ ஒன்றில் தள்ளிவிடும். ஒரு வகையில் மூன்றுமே பாதிச் சரி.

பிட்ச் ஃபேடர் கீயையும் நகர்த்தும்

ரெக்கார்டை வேகமாகச் சுழற்றினால் குரல் மேலேறும். டிஜிட்டல் பிளேயரிலும் வேகத்தைக் கூட்டினால் இயல்பாக அதுதான் நடக்கும். ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் எல்லாம் சரியாக ஒரு ஸ்வரஸ்தானம் மேலே போய்விடும். 130-இல் உள்ள 8ஏ ட்ராக்கை 138-க்கு ஏற்றினால் திரையில் 8ஏ என்றே எழுதியிருக்கலாம். ஸ்பீக்கரில் வருவது 3ஏ. சக்கரத்தில் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒன்று.

இதைத் தடுக்க மாஸ்டர் டெம்போ என்ற வசதி உண்டு. சில கருவிகளில் கீ லாக் என்பார்கள். ஒலியை நுண்ணிய துண்டுகளாக வெட்டி, இழுத்தோ நெருக்கியோ, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும். அதற்கு ஒரு விலை இருக்கிறது. வெட்டி ஒட்டும்போது கிக்கின் கூர்மையான முன்முனை கொஞ்சம் மழுங்கும். ஒன்றிரண்டு சதவீத மாற்றத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. அதிகமாகப் போகப் போகத் தெரியும். மெலடி குறைந்த ட்ராக்குகளில் மாஸ்டர் டெம்போவை அணைத்துவிட்டு, கிக்கைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

அப்படியானால் கீ எப்போது முக்கியம்?

இரண்டு ட்ராக்கிலும் சுருதியுள்ள ஒலிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது மட்டும். நீண்டு படரும் பேட் ஒலி, பாடும் குரல், சுழலும் சின்தசைசர் வரி, ஸ்வரம் மாறி ஓடும் பேஸ், இவையெல்லாம் சுருதியுள்ளவை. டெக்னோ ட்ராக்குகளின் தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் தாளம் மட்டுமே ஓடும் பகுதிகள். டிஜேக்கள் கைமாற்றுவதற்காகவே அப்படி விட்டுவைக்கிறார்கள். ஒரு ட்ராக்கின் மெலடி மற்றதன் தாளப் பகுதிக்கு மேலே ஓடினால், திரையில் 8ஏ-யும் 2பி-யும் இருந்தாலும் மோதுவதற்கு ஆளே இல்லை.

டெட்ராய்டின் ஜெஃப் மில்ஸ் மூன்று டர்ன்டேபிள், ஒரு 909 டிரம் மெஷின் என்று வைத்துக்கொண்டு, ட்ராக்குகளை மிக வேகமாக மாற்றி மாற்றிப் போடுவதற்குப் பேர் போனவர். அந்த வேகத்தில் கீ மோதலுக்கு நிலைத்து நிற்க நேரமே இல்லை. இரண்டு மெலடி ட்ராக்குகளை மூன்று நிமிடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர விடும் பாணியில் கீதான் உயிர். நீங்கள் எந்தப் பாணி என்று தெரியாமல் ‘கீ முக்கியமா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது.

சுருக்கமாக: கீ எண் ஒரு நல்ல முதல் யோசனை. சேரும் என்று அது சொன்னால் முயன்று பாருங்கள். சேராது என்று சொன்னால் ஹெட்ஃபோனில் ஒரு முறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பேஸ்: ஒரு தோளுக்கு மட்டும் உரிய பாரம்

கீ சரியாக இருந்தும் மிக்ஸ் சகதியாகக் கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் அடி அலைகள்தான். கிக்கின் பலம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க 20 மில்லிநொடி ஆகும். இரண்டு கிக்குகளுக்கு நடுவே 10 மில்லிநொடி விலகல் இருந்தால், ஒரு அலை ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு கிக் சேர்ந்து ஒரு கிக்கை விட மெலிந்து கேட்கும். 130 பிபிஎம்மில் 10 மில்லிநொடி என்பது ஓர் அடியின் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அச்சு அசலாகச் சேர்ந்தாலும் தொல்லைதான்: பலம் ஏறக்குறைய இரட்டித்து, ஸ்பீக்கர் திணறும்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு ட்ராக்கின் பேஸ் மட்டும். மிக்ஸரில் ஒவ்வொரு டெக்குக்கும் ஈக்யூ குமிழ்கள் இருக்கும். பேஸ், நடு, உச்சம் என ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பவை. புது ட்ராக்கின் பேஸ் குமிழை முழுக்க இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே கொண்டு வாருங்கள். ஃப்ரேஸ் மாறும் அடி வரும்போது பழையதன் பேஸை இறக்கி, அதே கணம் புதியதன் பேஸை ஏற்றுங்கள். பல்லக்கு தோள் மாறுவது இந்த இடத்தில்தான். இந்த ஒரு அசைவைச் சுத்தமாகச் செய்யப் பழகியவரின் மிக்ஸ், கீ சக்கரம் முழுவதையும் மனப்பாடம் செய்தவரின் மிக்ஸை விட நன்றாக இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனர்ஜி: வேகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

145 பிபிஎம்மில் கிக்கும் ஒரு மெல்லிய மூச்சொலியும் மட்டும் ஓடும் ட்ராக் உண்டு. 128-இல் பேஸ் உருண்டோட, ஹை-ஹாட் இடைவிடாமல் தெறிக்க, கூட்டத்தைக் கொதிக்க வைக்கும் ட்ராக்கும் உண்டு. எனர்ஜி அதிகம் எதில்? இரண்டாவதில்தான்.

எனர்ஜி பல நூல்களால் ஆன கயிறு. அடிகளுக்கு இடையே எவ்வளவு ஒலிகள் அடைத்திருக்கின்றன, உச்ச ஒலிகள் எவ்வளவு பிரகாசம், பேஸ் நிற்கிறதா ஓடுகிறதா, புதிதாக ஒன்று எத்தனை பாருக்கு ஒரு முறை வருகிறது. இவற்றில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஹை-ஹாட். இரண்டு கிக்குகளுக்குச் சரியாக நடுவே விழும் ‘ட்ஸ்’ என்ற திறந்த ஹை-ஹாட்டை மட்டும் சேர்த்துப் பாருங்கள். வேறு எதையும் தொடாமலே கூட்டத்தின் தோள்கள் எழும்பும்.

சத்தமும் ஏமாற்றும். ஒலி அளவு கூடினால் நம் காது பேஸையும் உச்சத்தையும் இன்னும் நிறைவாகக் கேட்கும். 1930-களிலேயே ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் இதை அளந்து காட்டினார்கள். அதனால் கொஞ்சம் உரக்கப் பதிவான ட்ராக், எனர்ஜி கூடிய ட்ராக் போலவே தோன்றும். இரண்டு ட்ராக்கை ஒப்பிடும் முன் மிக்ஸரின் கெய்ன் குமிழால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மென்பொருள் தரும் ஒன்று முதல் பத்து வரையிலான எனர்ஜி எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அது ட்ராக்கைத் தனியாக வைத்துப் போட்ட மதிப்பெண். ஆடுதளத்தில் ட்ராக் தனியாக ஒலிப்பதில்லை. முன்னால் ஓடியதற்குப் பிறகு ஒலிக்கிறது. அரை மணி நேரம் எட்டிலேயே ஓட்டினால் எட்டு என்பது யாருக்கும் உறைக்காது. நடுவில் ஒரு ஐந்தைப் போட்டு மூச்சுவிட வைத்தால், அடுத்து வரும் ஏழு ஒன்பதாகக் கேட்கும். பிரேக்டவுன் என்ற பகுதி ட்ராக்குக்குள்ளேயே இதைச் செய்கிறது: கிக் நின்றுவிடும், எல்லாம் மிதக்கும், கிக் திரும்பும்போது தளம் வெடிக்கும்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் சனிக்கிழமை இரவு தொடங்குவது திங்கள் காலை வரை ஓடும். அவ்வளவு நீண்ட இரவில் ஒரு டிஜே முதல் பத்து நிமிடத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டால் மீதி நேரம் என்ன செய்வார்? முதலில் வாசிப்பவரின் வேலை தளத்தைச் சூடாக்குவது. அடுத்து வருபவரிடம் இடம் மிச்சம் வைத்துக் கொடுப்பது.

உங்கள் ட்ராக்குகளைக் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணாகவும் இருக்கலாம், ‘மெதுவாக இழுக்கும்’, ‘உருளும்’, ‘இடிக்கும்’ என்று வார்த்தையாகவும் இருக்கலாம். எனக்கு வார்த்தைதான் கைகொடுக்கிறது. இருட்டில், ஹெட்ஃபோனில் பாதிக் காதோடு தேடும்போது ‘உருளும்’ என்று பார்த்ததும் அந்த ட்ராக் மனதில் ஓடிவிடும். ‘6’ என்று பார்த்தால் ஓடாது.

ஒரு மாற்றம், முதலிலிருந்து

இப்போது மூன்றையும் சேர்த்து ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். ஓடிக்கொண்டிருப்பது 132 பிபிஎம், 8ஏ. உருளும் பேஸ், கடைசி மூன்று நிமிடத்தில் நீண்ட பேட் ஒலி. அடுத்து வர வேண்டியது 135, 9ஏ. முதல் முப்பத்திரண்டு பார் தாளம் மட்டும், அப்புறம் ஒரு சின்தசைசர் வரி. திரையைப் பார்த்தால் கீ கச்சிதம்.

135-ஐ 132-க்கு இறக்குகிறோம். அது 2.2 சதவீதம். மாஸ்டர் டெம்போ அணைந்திருந்தால் சுருதியும் கூடவே இறங்கும், ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. இது வேறு கீக்குப் போகும் அளவு இல்லை. ஆனால் பேட் ஒலியோடு சேர்த்துக் கேட்டால் சுருதி சேராத தம்பூராதான். திரையில் பச்சை விளக்கு எரிந்தும் காது வலிக்கும் கதை இப்படித்தான் வருகிறது.

வழி இரண்டு. ஒன்று, மாஸ்டர் டெம்போவைப் போட்டுவிட்டு பேட்டையும் சின்தசைசரையும் சேர்த்துப் படர விடலாம். இரண்டு, அதை அணைத்தே வைத்துக்கொண்டு, புது ட்ராக்கின் முப்பத்திரண்டு பார் தாளப் பகுதிக்குள்ளேயே பேட் மறைந்துவிடுவது போல் நேரம் பார்க்கலாம். தளம் சூடாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கிக் கூர்மையாக இருக்கும்.

பேட் முடிய இன்னும் முப்பத்திரண்டு பார் இருக்கும் ஃப்ரேஸ் தொடக்கத்தில் புது ட்ராக்கை விடுங்கள். பேஸ் முழுக்க இறங்கியிருக்கட்டும். முதல் பதினாறு பாரில் அதன் ஹை-ஹாட் மட்டும் மெல்ல மேலே வரட்டும். எனர்ஜி ஒரு படி ஏறியதைத் தளம் உடனே உணரும். பதினாறாவது பார் முடியும் அடியில் பேஸை மாற்றுங்கள். பழைய ட்ராக்கில் இப்போது மிச்சம் இருப்பது பேட் மட்டும். அடுத்த பதினாறு பாரில் அதன் நடு ஒலிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, சின்தசைசர் வரி நுழையும் அடிக்கு முன்னால் பழைய ட்ராக்கின் ஒலியளவு ஃபேடரை மூடிவிடுங்கள்.

அதன் பிறகு 132-இல் ஓடும் புது ட்ராக்கை அதன் சொந்த வேகமான 135-க்குத் திருப்ப வேண்டும். பிட்ச் ஃபேடரைச் சட்டென்று தள்ளாமல், 0.1 பிபிஎம் அளவில் இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பரப்பி ஏற்றுங்கள். ஆடுபவர்களுக்கு வேகம் மாறியது தெரியாது. சுருதியும் கூடவே மெல்ல ஏறித் தன் இடத்துக்கு வந்து சேரும். அதற்குள் அடுத்த ட்ராக்கை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள்.